மூன்று நிமிடம் முப்பத்து நான்கு வினாடி

மீன்சுருட்டி ஜெயசித்ராவுக்கு ஓடத் தெரியும் என்பது ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது. அரசாங்கத்துக்கு ஒரு விஷயம் தெரியவேண்டுமென்றால் அதை யாராவது கட்டம் போட்ட தாளில் எழுதி, கீழே முத்திரை குத்தி, மூன்று நகல் எடுத்துத் தரவேண்டும். மாநில அளவில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டு முறை வெள்ளி வாங்கியவள் அவள். அந்த இரண்டு வெள்ளியும் வீட்டில் டி.வி.க்கு மேலே ஆணியில் தொங்கின. பதக்கம் மட்டும் போதாது, உடற்திறன் கூறுகள் அனைத்தும் சோதிக்கப்பட்டதற்கான சான்றிதழ் வேண்டும் என்று விண்ணப்பத்தின் ஏழாவது பக்கத்தில் போட்டிருந்தது.

விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை. ஜூன் கடைசியில் விண்ணப்பம் முடிகிறது. முப்பது வயது முடிந்திருக்கக் கூடாது. ஜெயசித்ராவுக்கு ஜூலையில் முப்பது முடிகிறது. அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தாலும் அவளுக்குப் பிரயோசனமில்லை.

அவள் ஜெயங்கொண்டத்தில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றாள். வேலை பார்த்தாள் என்று சொல்வதைவிட நின்றாள் என்பதே சரி. காலை ஒன்பதரையிலிருந்து கடை சாத்தும்வரை உட்கார அனுமதி இல்லை. கணவன் சக்தி, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டுகிறவன், அரசு வேலை வந்தால் உட்கார்ந்து சம்பாதிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். ஜெயசித்ராவின் ஆசை வேறு. அரசுத் துறையில் சேர்ந்த வீராங்கனைகளுக்குக் காலையில் பயிற்சிக்கு நேரம் உண்டு, துறைப் போட்டிகளும் உண்டு. இன்னும் ஐந்து வருஷமாவது ஓடலாம். இந்த வேலை கிடைக்காவிட்டால் ஓட்டம் இத்தோடு சரி என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மார்ச் மூன்றாவது வாரம் மூன்று பஸ் மாறி, ஜெயங்கொண்டம், அரியலூர் என்று இறங்கி ஏறிப் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தாள். இரு மாவட்ட உடற்திறன் பகுப்பாய்வு மையம் ஒரு பழைய நெல் கிடங்கில் இயங்கியது. பின்பக்கம் அருமையான மைதானம் இருந்தது. திறப்பு விழாவுக்குப் பெரியவர் யாராவது தேதி கொடுக்கும்வரை அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். நான்கு வருஷமாக யாரும் தேதி கொடுக்கவில்லை. அதுவரை ஓட்டப் பரிசோதனையெல்லாம் கிடங்கைச் சுற்றித்தான். ஒரு சுற்று நூற்று அறுபது மீட்டர். ஐந்து சுற்று ஓடினால் எண்ணூறு. நான்கு முனையிலும் செங்குத்தாகத் திரும்பவேண்டும், மூன்றாவது முனையில் ஜெனரேட்டரைத் தாண்டவேண்டும்.

வேகப் பிரிவில் தாமதம் என்று எழுதினால் நான் வேண்டுமென்றே எழுதுவதாக நீங்கள் நினைப்பீர்கள். அன்று வேகப் பிரிவு அலுவலர் சரியான நேரத்துக்கு வந்திருந்தார். ஸ்டாப்வாட்ச்தான் அலமாரிக்குள் இருந்தது, அலமாரிச் சாவி விடுப்பில் இருந்தவரிடம் இருந்தது. அதனால் மற்ற கூறுகளை முதலில் முடித்துவிடலாம் என்றார்கள்.

வலிமைப் பிரிவில் கைப்பிடிக் கருவி ஒன்றைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். ஐம்பத்திரண்டு கிலோ காட்டியது. அவள் கையை எடுத்த பிறகும் ஐம்பத்திரண்டு காட்டியது. மையம் திறந்த அன்றைக்கு வாட்ச்மேன் அழுத்தியபோது முள் அங்கே போய் நின்றது, பிறகு அது இறங்கவில்லை. அதன் பிறகு வந்த எண்ணூற்றுச் சொச்சம் பேருக்கும் கை வலிமை ஐம்பத்திரண்டுதான். இரு மாவட்டங்களிலும் ஆண் பெண் வேறுபாடின்றி வலிமை சமமாகப் பரவியிருக்கிறது என்று மையம் இதை ஆண்டறிக்கையில் ஒரு சாதனையாகவே எழுதியிருந்தது.

நெகிழ்வுப் பிரிவில் காலை நீட்டி உட்கார்ந்து பெட்டியின் மேல் விரலை எட்டவேண்டும். அவள் விரல் அளவுகோல் முடிகிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. தாண்டிய இடத்தில் எண் இல்லை. எண் இல்லாததைக் கம்ப்யூட்டர் ஏற்காது. கொஞ்சம் குறைத்து எட்டச் சொல்லிக் கெஞ்சி, முப்பத்தைந்தில் நிறுத்தி எழுதிக்கொண்டார்கள். சமநிலைப் பிரிவில் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்ன அலுவலர் நாற்பது வினாடி பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோதும் அவள் நின்றுகொண்டிருந்தாள். பார்க்காத நேரத்தை எழுதினால் தணிக்கையில் மாட்டும் என்று நாற்பது வினாடி என்றே போட்டார். துணிக்கடையில் பன்னிரண்டு மணிநேரம் நிற்கிறவளுக்கு இதிலெல்லாம் வருத்தமில்லை. ஓட்டம் வரட்டும் என்று காத்திருந்தாள்.

மதியம் சாவி வந்தது. வெயிலில், வெறும் வயிற்றில், செங்குத்தாகத் திரும்பித் திரும்பி, ஜெனரேட்டரைத் தாண்டி, ஐந்து சுற்று ஓடி முடித்தாள். இரண்டு நிமிடம் பதின்மூன்று வினாடி. தார்ச்சாலையில்கூட இந்த வருஷம் அவள் இவ்வளவு வேகமாக ஓடியதில்லை. மூச்சு வாங்கியபடி நிமிர்ந்து பார்த்தாள். பகுப்பாய்வு அலுவலர் குருநாதன் ஸ்டாப்வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பதை நெருங்கியவர், நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவர் முகத்தில் சாவு வீட்டுக் களை வந்துவிட்டது. அவளை இயக்குநர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

இயக்குநர் முனைவர் அய்யம்பெருமாள் நேரத்தைக் கேட்டுவிட்டு மின்விசிறியை ஒன்றில் வைத்தார். பிறகு அவளை உட்காரச் சொல்லி, ஒரு வெள்ளைத் தாளில் சாய்வாக ஒரு கோடு போட்டார்.

"அம்மா, வேகமா ஓடுறவங்க ஊர்ல நிறைய இருக்காங்க. அவங்களால மையத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. வேகமா ஆகுறவங்கதான் வேணும். மொதப் பதிவுன்னு ஒண்ணு, பன்னெண்டு வாரம் கழிச்சு இறுதிப் பதிவுன்னு ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல முப்பது சதவீதமாவது வளர்ச்சி இருந்தாத்தான் சான்றிதழ். இந்தக் கோடு மேல ஏறணும். நீ மொத நாளே உச்சியில போயி நின்னுக்கிட்டா கோடு எங்கம்மா ஏறும்?"

ஜெயசித்ராவுக்குப் புரியவில்லை. இதற்கு மேல் முப்பது சதவீதம் வேகமாக ஓடினால் நான் ஒன்றரை நிமிடத்துக்குப் பக்கத்தில் வரவேண்டுமே, உலகத்தில் எந்தப் பெண்ணும் அப்படி ஓடியதில்லையே என்றாள். அதனால்தான் முதல் பதிவைக் கொஞ்சம் நிதானமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறோம் என்றார் அவர். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். வாலிகண்டபுரத்துப் பையன் ஒருவன் நீளம் தாண்டுதலில் முதல் பதிவாக இரண்டடி தாண்டினான், இன்றைக்கு அவன் கோட்டைச் சுவரில் மாட்டியிருக்கிறோம் என்று காட்டினார். கோடு செங்குத்தாக இருந்தது.

"அது பொய்யில்லீங்களா சார்?" என்று கேட்டாள்.

"பொய் எங்கம்மா வந்துச்சு? நீ மெதுவா ஓடினா மெதுவான்னு எழுதப்போறோம். அளக்குறதுல எங்க மையத்துல ஒரு வினாடி தப்பு வராது."

சக்திக்குப் போன் செய்து கேட்டாள். அவங்க படிச்சவங்க, சொல்றபடி செஞ்சிட்டு வா என்றான் அவன். அவள் மறுபடி கோட்டில் போய் நின்றாள்.

மெதுவாக ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. முதல் முயற்சி இரண்டு முப்பத்தொன்று. இரண்டாவது இரண்டு ஐம்பத்திரண்டு. மனசு மெதுவாகப் போ என்று சொன்னாலும் கால் பதினாறு வருஷப் பழக்கத்தில் தானாக எட்டிப் போட்டது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் திறன் குறைவு என்று ஒருங்கிணைப்புப் பிரிவில் குறித்துக்கொண்டார்கள். நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அரியலூர் போய் அங்கிருந்து ஜெயங்கொண்டம் பஸ் பிடிக்கவேண்டும்.

கடைசியில் குருநாதனே செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். மெதுவாக ஓடுவது எப்படி என்று நான் காட்டுகிறேன், பின்னாலேயே வா என்றார். அவர் ஓடினார். அவள் பின்னால் போனாள். இரண்டாவது சுற்றில் அவருக்கு வாய் திறந்துகொண்டது. மூன்றாவது சுற்றில் ஜெனரேட்டரைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். ஐந்தாவது சுற்றில் முகமெல்லாம் சிவந்து, இரண்டு கையையும் வீசி, உயிரைக் கொடுத்து ஓடி வந்து கோட்டைத் தாண்டி விழுந்தார். பின்னால் அவள் மூச்சு வாங்காமல் வந்து நின்றாள். மூன்று நிமிடம் முப்பத்து நான்கு வினாடி. அவர் தண்ணீர் குடித்து எழுந்து உட்கார்ந்த பிறகு, பாத்தியா, இவ்ளோ நிதானம் வேணும் என்றார். அதுவே அவளுடைய முதல் பதிவு ஆயிற்று.

அடுத்த பன்னிரண்டு வாரமும் மையம் அவளுக்கு அறிவியல் முறைப் பயிற்சி கொடுத்தது. அதாவது புதன்கிழமைதோறும் மூன்று பஸ் மாறி வந்து அறுபத்து நான்கு கட்டம் உள்ள தாளில் கையெழுத்துப் போடவேண்டும். உண்மையான பயிற்சியை அவள் விடியற்காலையில் மீன்சுருட்டியிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம்வரை ஓடிப்போய்த் திரும்பி வந்து தானே செய்துகொண்டாள். அந்தத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

நான்காவது புதன்கிழமை வீடியோ பகுப்பாய்வு தொடங்கியது. அவள் ஓடுவதைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். முழங்கை, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றிலும் சிவப்புக் கோடுகள் ஓடின. அது கிரிக்கெட் பந்துவீச்சுக்காக வாங்கிய மென்பொருள். மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள், பதில் வரவில்லை. அவள் வலது கையை மடக்கி வீசும் ஒவ்வொரு முறையும் அது விதிமீறல் என்று சிவப்பாகக் காட்டியது. ஐந்து சுற்றில் நானூற்றுப் பதினொரு விதிமீறல். கையை மடக்காமல் ஓட முடியுமா என்று குருநாதன் தயக்கத்தோடு கேட்டார். அவள் கையை நீட்டிக்கொண்டு இரண்டு சுற்று ஓடிக் காட்டினாள். விதிமீறல் பூஜ்யம் ஆனது. அன்றைக்கு மையத்தில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

இந்தப் புதன்கிழமைகளைத் துணிக்கடை மேலாளரும் எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்தாவது வாரம் அவளைப் புடவைப் பிரிவிலிருந்து துண்டுப் பிரிவுக்கு மாற்றினார். ஒன்பதாவது வாரம் துண்டுப் பிரிவுக்குப் புதன்கிழமையும் வரக்கூடிய ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். ஜெயசித்ரா வீட்டுக்கு வந்து சக்தியிடம் சொல்லிவிட்டு, சோறு தின்னாமல் படுத்துக்கொண்டாள். அரசு வேலை வந்துவிடும், கவலைப்படாதே என்று அவன் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை. பயமாக இருந்தது.

ஜூன் இரண்டாவது வாரம் இறுதிப் பதிவு. அதே கிடங்கு, அதே ஜெனரேட்டர். இரண்டு நிமிடம் பன்னிரண்டு வினாடி. பன்னிரண்டு வாரத்தில் முப்பத்தெட்டு சதவீத வளர்ச்சி என்று குருநாதன் கணக்குப் போட்டுச் சொன்னதும் இயக்குநர் எழுந்து நின்று கை தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். மார்ச்சில் வந்த முதல் நாள் ஓடியதைவிட அவள் ஒரே ஒரு வினாடிதான் முன்னேறியிருக்கிறாள் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் கை தட்டும்போது அவர்கள் கண்ணில் தெரிந்த சந்தோஷம் நிஜமானது. அதைப் பார்த்து அவளுக்கே ஒரு நிமிஷம் மையத்தினால்தான் ஓடினோமோ என்று தோன்றிவிட்டது. சான்றிதழைக் கண்ணாடிக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தார்கள். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் முன்னால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஜூலையில் அவளுக்கு முப்பது முடிந்தது.

செப்டம்பரில் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. தகவல் கேட்டு எழுதியதற்கு வந்த பதிலில் காரணம் தெளிவாக இருந்தது. தங்கள் சான்றிதழில் முதல் பதிவு மூன்று நிமிடம் முப்பத்து நான்கு வினாடி, இறுதிப் பதிவு இரண்டு நிமிடம் பன்னிரண்டு வினாடி. இடைப்பட்ட வளர்ச்சி மையத்தின் அறிவியல் பயிற்சியால் விளைந்தது. எனவே அது மையத்தின் சாதனை. முதல் பதிவு மட்டுமே விண்ணப்பதாரரின் சொந்தத் திறனாகக் கொள்ளப்படும். அந்தத் திறன் தகுதிக்கு உரியதாக இல்லை.

அவள் அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தாள். ஐந்தாவது முறை படித்தபோது அதில் ஒரு தப்பும் இல்லை என்று தோன்றியது, அதுதான் அவளை அதிகமாக உடைத்தது. மறுநாள் மூன்று பஸ் மாறிப் பெரம்பலூர் போனாள்.

மையத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். இயக்குநர் மேசையில் ஒரு பெரிய கேடயம் இருந்தது. அதிக வளர்ச்சி கண்ட மையத்துக்கான விருது. சுவரில் செங்குத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் இப்போது இவளுடைய கோடும் மாட்டப்பட்டிருந்தது. அய்யம்பெருமாள் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வரவேற்றார். கடிதத்தை வாங்கிப் படித்தார். படித்து முடித்துப் பெருமையோடு தலையாட்டினார்.

"சரியாத்தான் போட்டிருக்காங்க. இந்த விதிய எழுதின குழுவுல நானும் இருந்தேன். மையத்தோட உழைப்ப வேற யாரும் எடுத்துக்கிடக் கூடாதுல்ல, அதுக்காகச் சேத்தது."

அவள் நின்றுகொண்டே, மெதுவாக ஓடச் சொன்னது நீங்கள்தானே சார் என்றாள். ஆமாம் என்றார். மார்ச்சில் வந்த முதல் நாள் நான் இரண்டு பதின்மூன்றில் ஓடியது உங்களுக்குத் தெரியும்தானே என்றாள். தெரியும் என்றார். அதை ஒரு கடிதமாக எழுதித் தரமுடியுமா என்று கேட்டாள். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். பதிவு ஆகாத ஓட்டத்தை நடந்ததாக எப்படி எழுதுவது, அது பொய்யாகிவிடுமே என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த குருநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெயசித்ரா அழுதாள். அவளுக்கு அது அவமானமாக இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை. இயக்குநர் மின்விசிறியை ஐந்தில் வைத்து, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்து, அழுகை ஓயும்வரை காத்திருந்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். விருதோடு மையத்துக்கு ஒரு தற்காலிகப் பணியிடமும் ஒதுக்கியிருக்கிறார்கள். வயது வரம்பு கிடையாது. பார்வையிட வருகிறவர்களுக்கு முதல் பதிவு என்றால் என்னவென்று ஓடிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். எத்தனையோ பேரை ஓடவிட்டுப் பார்த்துவிட்டார்கள், ஒருவரும் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப வரவில்லை. ஒரு நாள் மூன்று இருபது, ஒரு நாள் நான்கு நிமிடம்.

"நீ ஒருத்திதாம்மா பிசகாம வருவே" என்றார்.

சோதித்துப் பார்ப்போம் என்று கிடங்கைச் சுற்றி ஓடச் சொன்னார்கள். கைக்கடிகாரம்கூட இல்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டியிருந்த புடவையோடு ஐந்து சுற்று போனாள். மூன்று முப்பத்து நான்கு. இன்னொரு முறை ஓடச் சொன்னார்கள். மூன்று முப்பத்து நான்கு. பதினாறு வருஷம் ஒவ்வொரு அடியையும் எண்ணி ஓடியவளால் மட்டும்தான் அப்படி வரமுடியும் என்பது மையத்தின் எந்தப் பிரிவுக்கும் தோன்றவில்லை. இயற்கையிலேயே மெதுவான உடல்வாகு என்று இயக்குநர் மற்றவர்களிடம் வியந்து சொன்னார்.

தாளில் கையெழுத்துப் போடும் முன் அவள் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"சார், காலையில எங்கூர் ரோட்டுல நான்பாட்டுக்கு ஓடிக்கலாங்களா?"

அய்யம்பெருமாள் யோசித்தார். நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்ற முகத்தோடு சொன்னார்.

"வேணாம்மா. யாராச்சும் நேரம் பாத்து வெளிய சொல்லிட்டா மொதப் பதிவு கெட்டுப்போயிடும். உன் வேலைக்குத்தான் ஆபத்து."

துண்டுப் பிரிவும் இப்போது இல்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். குருநாதன் வாசல்வரை கூடவே வந்தார். வெளியே வந்து சக்திக்குப் போன் செய்து, வேலை கிடைத்துவிட்டது என்றாள். டிப்பரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினான் அவன். இத்தனை வருஷம் ஓடியது வீண்போகவில்லை பார் என்றான். என்ன வேலை, உட்கார்ந்து பார்க்கிற வேலையா என்று கேட்டான்.

"ஓடுற வேலைதாங்க" என்றாள் ஜெயசித்ரா. "மூணு முப்பத்தினாலுக்குக் கீழ மட்டும் ஓடக்கூடாதாம்."